ஒன்பதாம் படம் தேடிச் சுங்குவார்சத்திரம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு வில்லிவாக்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை. தோள்பையில் தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறிய லென்ஸ். கையில், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து நாடாவால் கட்டிய ஒரு படம். கூட்டத்தில் அதன் முனை மடங்கிவிடுமோ என்ற கவலையில் பூந்தமல்லி வரைக்கும் அதை மார்போடு அணைத்தபடியே நின்றேன்.

பூந்தமல்லியில் ஏழு மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து. சன்னலோரம் இடம் கிடைத்தது. சுங்குவார்சத்திரத்துக்கு நாற்பது ரூபாய்ச் சீட்டு. கம்பெனி வேலைக்கா போகிறீர்கள் என்று நடத்துநர் கேட்டார்.

"இல்லீங்க, ஒரு படம் பாக்கப் போறேன்."

"இந்நேரத்துக்கு எந்தத் தியேட்டர்ல படம் போடறான்?" என்று சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். விளக்கம் சொல்ல நேரமில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் சேகரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் படங்கள். புகைப்படத்தைப் புத்தகத்தில் அச்சிட வழி தெரியாத காலத்தில், எஃகுத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்கி, கோடுகளுக்குள் மையைத் தேய்த்து, ஈரத் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பார்கள். எழுத்தாளர்களின் முகங்கள், கதைகளிலும் நாடகங்களிலும் வரும் காட்சிகள் எல்லாம் இப்படித் தனித்தாளாக அச்சாகிப் புத்தகங்களுக்குள் சேர்ந்தன. பின்னாளில் பழைய புத்தக வியாபாரிகள் புத்தகத்தைப் பிரித்துப் படங்களை மட்டும் விற்றார்கள். அப்படிப் பிரிந்து சிதறிய ஒரு நூலைத்தான் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு பகுதியாக ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் அது. பகுதிக்கு ஒருவராகப் பன்னிரண்டு பெண் எழுத்தாளர்களின் உருவப்படங்கள் அதில் உண்டு. பதினொன்று கிடைத்துவிட்டன, ஒன்பதாவதைக் காணோம். பொருளடக்கத் தாள் என்னிடம் இருப்பதால் பெயர் மட்டும் தெரியும்: எலினோர் வெம்ப்ரி.

போன மாதம் கடைக்கு மாரிச்செல்வி என்ற பெண் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இருபத்து நான்கு வயது. சுங்குவார்சத்திரத்தில் மகளிர் விடுதி ஒன்றில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். சர்க்யூட் போர்டு ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கண்ணில் நீர் வடிகிறது என்றாள். வில்லிவாக்கத்தில் அத்தை வீடு இருப்பதால் எங்கள் கடைக்கு வந்திருந்தாள். சோதித்து முடித்துக் கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுக்கும்போது, "இந்த மாதிரி எனக்கு நல்லாருந்துச்சு மேடம்" என்று கைபேசியை நீட்டினாள். தோழியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிறந்தநாளன்று எடுத்த செல்ஃபி. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவள் தலைக்குப் பின்னால், விடுதி அறைச் சுவரில், நீள்வட்ட ஓரத்துக்குள் ஒரு பெண்ணின் தோளும் புத்தகம் பிடித்த கையும் பாதி முகமும் தெரிந்தன. நீள்வட்டத்தைச் சுற்றியிருந்த கொடி அலங்காரம் எனக்கு மனப்பாடம். என் வீட்டில் அதே அலங்காரத்துக்குள் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள்.

ஏழரைக்குத் தண்டலம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் இறங்கியது. அதற்குப் பிறகு சாலை கம்பெனிப் பேருந்துகளுக்குத்தான் சொந்தம். எதிர்ப்பக்கம் வந்தவற்றில் தலைகள் எல்லாம் சன்னலில் சாய்ந்திருந்தன; இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள். எங்களை முந்திப்போனவற்றில் ஈரத்தலையும் நெற்றிப் பொட்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கால்மணி நேர நெரிசல். எட்டேகாலுக்குச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, மாரிச்செல்வி சொன்ன வழியில் செல்போன் கடைச் சந்துக்குள் நடந்தேன்.

விடுதி மூன்று மாடிக் கட்டடம். நடத்துபவர் கஸ்தூரி. பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தை விற்ற பணத்தில் இந்தக் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மாரி சொல்லிச்சு மேடம். ஆனா இப்ப ரூமுக்குள்ள போவ முடியாது. நைட்டு ஷிஃப்டு முடிச்ச பொண்ணு தூங்கினு கீது. ரெண்டு மணிக்கு முன்னால எய்ப்பினா எனுக்கே அடி உழும்."

மாரிச்செல்வி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அன்று அவளுக்கு வார விடுப்பு. "மன்னிச்சுக்கிடுங்கக்கா. தங்கம் இந்த வாரம் நைட்டுன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள். கடையில் மேடமாக இருந்த நான் இங்கே அக்கா ஆகியிருந்தேன்.

நடைவழியில் மாட்டியிருந்த படங்களைப் பார்க்கலாம் என்று கஸ்தூரி அனுமதித்தார். நான்கு சட்டங்கள். எல்லாவற்றிலும் கண்ணாடிமேல் விடுதி விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் தாடி வைத்த ஒரு கவிஞர். நெற்றியும் கண்களும் மட்டும் வெளியே தெரிய, மூக்குக்குக் கீழே "இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே செல்லக் கூடாது" என்று தொடங்கியது. இன்னொருவரின் மார்பில் "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது". இரண்டும் எளிதில் கிடைக்கக்கூடிய படங்கள்தாம். இருந்தாலும் லென்ஸை வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

"இவங்கல்லாம் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும். மெட்ராஸ்ல ஒரு பழைய பங்களாவ இடிச்சப்ப எங்க அண்ணன் கதவு, சன்னலோட சேத்து எடுத்தாரு. சட்டம் தேக்கு, கண்ணாடி நல்லா கீதுன்னாரு. அதுக்கோசரம் எட்டு வாங்கினு வந்தேன். மிச்சம் ஒரகடத்துல அவரு யார்டுலதான் கெடக்குது."

பத்து மணிக்கு அந்த அண்ணனே வந்து சேர்ந்தார். பெயர் ஏழுமலை. விடுதிக்கு இரண்டு இரும்புக் கட்டில்களைத் குட்டி யானை என்று சொல்லும் தன் சிறு சரக்கு வண்டியில் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணி வரை சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அவரோடு ஒரகடம் போய் வருவதாக முடிவு செய்தேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஏரியும் தரிசும் சுற்றுச்சுவருமாக மாறி மாறி வந்தன. ஒரகடத்தை நெருங்கியதும் சுவர்கள் மட்டுமே. ஒரு சுவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஒரே வெள்ளை நிறத்தில் புதிய கார்கள் வெயிலில் நின்றன. ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு அடுக்கியதைப் போல இருந்தது.

ஏழுமலையின் பழைய இரும்புக் கிடங்கு, தொழிற்பேட்டைக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மரப் பலகைகள், கம்பிச் சுருள்கள், பிளாஸ்டிக் தட்டுகள். மூலையில் பங்களாவின் சன்னல்கள். அவற்றுக்குப் பின்னால் ஆறு சட்டங்கள். ஐந்தில் மழைநீர் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கறுத்திருந்தது. ஆறாவது தப்பித்திருந்தது. ஏதோ ஒரு நாவலின் காட்சி: மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பெண் கடிதம் படிக்கிறாள், கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் அவள் முகத்தையே பார்க்கிறான். எந்தக் கதை என்று சொல்லும் அடிவரி அழிந்துவிட்டது. இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

ஏழுமலை லென்ஸைக் கேட்டு வாங்கி, மெழுகுவத்திச் சுடரைப் பார்த்தார். சுடர் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. சுற்றிலும் கோடுகள் நெருங்க நெருங்க இருட்டு. எஃகுத் தகட்டில் செதுக்கியது என்று சொன்னதும் அவர் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது.

"அந்தத் தகடு இப்ப எங்க கீது?"

"தெரியலீங்க. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. உருக்கியிருப்பாங்க."

"உருக்கறது கடைசிலதான் மேடம்." வாசலருகே கிடந்த கனத்த இரும்புக் கட்டையைக் காலால் தட்டினார். கார்க் கதவின் தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சாம். "இந்த டையப் பாருங்க. ஒரு மாடல் முடிஞ்சா அப்டியே தூக்கிப் போட்ருவானா? இங்க சொரண்டி, அங்க வெட்டி, அடுத்த மாடலுக்கு மாத்திப்பான். இனிமே ஒண்ணும் ஆவாதுன்னாதான் என்கிட்ட வருது. நல்ல எஃக எவன் ஒரே வேலையோட உடுவான்?"

நியாயமான பேச்சு என்று தலையாட்டினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

இரண்டேகாலுக்கு விடுதிக்குத் திரும்பினோம். தங்கம் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ராமநாதபுரத்துப் பெண். சிறிய உருவம், கண்ணில் இன்னும் தூக்கம். அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள், நான்கு பேர். மற்ற இருவரும் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். சன்னலில் கட்டியிருந்த போர்வையை மாரிச்செல்வி விலக்கினாள். தங்கத்தின் மேல்கட்டிலுக்கு நேராக, குளியலறைப் பக்கத்துச் சுவரில், படம் இருந்தது.

முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த முகம் அல்ல. நாற்பது வயதிருக்கும். அகன்ற தாடை, அழுத்தமான புருவம், சிரிக்கத் தயாராக இல்லாத வாய். தலையில் தொப்பியோ திரையோ எதுவும் இல்லை. ஓவியனைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர், படத்தைச் சுற்றி வைத்த ஓர அட்டைக்கு அடியில் மறைந்திருந்தது. சட்டத்தைப் பிரித்தால்தான் தெரியும். கஸ்தூரி "தாராளமா பிரிங்க, வேணும்னா எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு, கீழே பால்காரர் கூப்பிட்டதால் போய்விட்டார். படத்தைக் கீழ்க்கட்டிலில் கவிழ்த்து வைத்தோம். மாரிச்செல்வி கையைத் துடைத்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நகவெட்டியால் சிறு ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு ஆணிகூடத் தாளை உரசவில்லை. பின்பலகை விலகியதும் ஈரவாடை வந்தது. தாளின் கீழ் ஓரத்தில் கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஒன்று ஓடி ஒளிந்தது. கறைக்கு மேலே, மெல்லிய சாய்வெழுத்தில், எலினோர் வெம்ப்ரி.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மாரிச்செல்வி. "இந்தக் கோடு என்னது?"

காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரை வளைந்து இறங்கும் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினாள். கூந்தலோடும் சேரவில்லை, உடையோடும் சேரவில்லை.

"இத நான் ரூமுக்கு வந்த அன்னைக்கே பாத்துட்டேன்லா. எல்லாக் கோடும் ஏதாவது ஒரு வேலை செய்யுது. இது மட்டும் சும்மா நிக்கி. ரிஜெக்ட் பீஸ் போலன்னு நெனச்சேன்."

தாளும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தான் என் தொகுப்பிலிருந்து நான்காம் படத்தைக் கொண்டுவந்திருந்தேன். நாடாவை அவிழ்த்து அதைப் பக்கத்தில் வைத்தேன். பதினொன்றிலும் நான் முதலில் வாங்கியது, எனக்கு மிகப் பிடித்தது: இளம்பெண், வட்ட முகம், தலையிலிருந்து தோள்வரை இறங்கும் சரிகைத் திரை.

மாரிச்செல்வி என் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தாள். இடது படம், வலது படம், மறுபடி இடது. அவள் தொழிற்சாலையில் எப்படி வேலை செய்வாள் என்று அப்போது தெரிந்தது. மேல்மூலையிலிருந்து தொடங்கி, வரிசை விடாமல் கீழே வந்தாள்.

"கை அதே கை. நகம்கூட. புத்தகத்துக்குள்ள வெரல வச்சிருக்கது அதேதான். பொத்தான் ஏழு, இங்கயும் ஏழு. நாலாவது பொத்தான்ல ஒரு கீறல் இருக்கு, இதுலயும் இருக்கு." நிமிர்ந்தாள். "ஒடம்பு ஒண்ணுதான்க்கா. தலைய மட்டும் மாத்திருக்காங்க. அந்தக் கோடு இவங்க முக்காட்டு ஓரம். அழிக்கும்போது விட்டுட்டாங்க. இது ரீவொர்க் பீஸ், ஒருதடவ செஞ்சத மாத்தி விட்டது."

நான் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். நான்காம் படத்தில் உடையின் கோடுகள் கூர்மையாக இருந்தன. ஒன்பதாவதில் அதே கோடுகள் பல நூறு முறை அழுத்தப்பட்டுச் சற்றே மங்கியிருந்தன. முகத்தின் கோடுகள் மட்டும் புதிது. நான்காம் மாதத்துக்கு வேண்டிய பிரதிகளை எடுத்து முடித்த பிறகு, அதே தகட்டில் தலையைச் சுரண்டித் தட்டி, இன்னொரு தலையைச் செதுக்கி ஒன்பதாம் மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு ஏழுமலை இதைத்தான் இரும்புக் கட்டையைக் காட்டிச் சொன்னார். நான்காம் படத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். மறுபாதி கையில் இல்லாதபோது நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும், மாரிச்செல்விக்கும் ஒரு பாதிதான் இருந்தது. அந்தப் பாதியிலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தை விடப் பெரிய சந்தோஷம் வந்தது.

"அப்போ இவங்க மூஞ்சி இவங்க மூஞ்சிதானா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நேர்ல உக்கார வச்சு வரைஞ்சிருந்தா இன்னொருத்தர் உடம்பு எதுக்கு? யாராவது சொல்லக் கேட்டு வரைஞ்சிருக்கலாம்."

அதுவரை வாசற்படியில் தலைவாரிக்கொண்டிருந்த தங்கம் அப்போதுதான் பேசினாள். "படத்த எடுத்துட்டுப் போறாகளா?"

கஸ்தூரி கொடுப்பதாகச் சொன்னதைச் சொன்னேன். ஆனால் அறையில் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"என்னையக் கேக்காம எடுத்திருந்தா சண்டைதான்" என்றாள், கோபமில்லாமல். "பகல்ல படுத்தா எனக்குச் சட்டுனு தூக்கம் வராதுக்கா. வெளிய வண்டிச் சத்தம், பாத்ரூம் சத்தம். இவக கன்னத்துல இருக்க கோட்ட எண்ணுவேன். மொதல்ல சும்மாதான் எண்ணுனேன். இப்ப எண்ணாட்டித் தூக்கமே இல்ல. காதுலருந்து ஆரம்பிச்சா மூக்குக்கு வர்றதுக்குள்ள தூங்கிருவேன். மூணு வருசத்துல ஒருநாக்கூட மூக்கத் தாண்டுனதில்ல."

செதுக்கியவன் அந்தக் கோடுகளை எதற்காகப் போட்டானோ, அதற்கு இவ்வளவு நல்ல பயன் வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுவரின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு மழைக்காலம் இங்கே இருந்தால் கறை கன்னத்துக்கு ஏறிவிடும். அதையும் தங்கத்திடம் சொன்னேன். அவள் கறையை விரலால் அளந்து பார்த்தாள்.

"அப்ப எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்த எடம் வெறுமனே இருக்கக் கூடாது. வேற ஒண்ணு குடுங்க."

காலையில் வாங்கிய மெழுகுவத்திக் காட்சியை எடுத்து நீட்டினேன். தங்கம் பார்த்தாள். "இதுல ரெண்டு பேரு இருக்காக. யாரு என்ன நெனைக்கிறாகன்னு யோசிச்சே தூக்கம் போயிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு கட்டிலில் கிடந்த நான்காம் படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "இது பொடிக் கோடு. நெருக்கமா இருக்கு. இது போதும்."

மாரிச்செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏளா, அது அக்காவோட சொந்தப் படம். வேற கேளு" என்றாள்.

வேறு எதையும் நான் கொண்டுவந்திருக்கவில்லை. அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். தங்கம் அதற்குள் படத்தை மேல்கட்டிலின் தலையணைப் பக்கம் சாய்த்துவைத்து, ஏறிப் படுத்து, பக்கவாட்டில் திரும்பி, உதடு அசைய எண்ணத் தொடங்கியிருந்தாள். பதினேழோ பதினெட்டோ வந்தபோது தானாகவே கொட்டாவி விட்டாள். மாரிச்செல்வி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டில் அந்தப் படம் ஒரு பெட்டிக்குள், மெல்லிய தாளில் சுற்றி இருக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.

"ஈரச் சுவர்ல மாட்டக் கூடாது. அது மட்டும் சரின்னு சொல்லு" என்றேன்.

தங்கத்தின் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்துவதென்று முடிவானது. அங்கே ஆணி இல்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டோம். அவர் கதையை முழுக்கக் கேட்டார். இரண்டு படங்களையும் பார்த்தார். ஒரே உடம்பு என்பதை மாரிச்செல்வி காட்டியபோது, "அடப்பாவி, டிரஸ்ஸு கூட மாத்தலியா" என்றார். பிறகு சுத்தியலோடு வந்து தன் விதியைத் தானே மீறி ஆணி அடித்தார். புதிதாக வெட்டிய அட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, தேக்குச் சட்டத்துக்குள் நான்காம் படத்தை மாரிச்செல்விதான் பொருத்தினாள். ஒரு பேச்சுக்கு நான் நீட்டிய ஐந்நூறு ரூபாயைக் கஸ்தூரி மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

நாலேமுக்காலுக்கு மாரிச்செல்வி பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். மற்ற பத்துப் படங்களையும் ஒருநாள் பார்க்க வேண்டும் என்றாள். "வேற எதுலயாவது தலை மாறிருக்கான்னு செக் பண்ணணும்லா." கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இப்போது நீர் வடிவதில்லை என்றாள்.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் செக்யூரிட்டி உடுப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெரிசலில் வண்டி நின்றபோது, பொறுக்க மாட்டாமல் அட்டையைத் திறந்து ஒன்பதாம் படத்தைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இவங்க? உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. கதை எழுதினவங்க. ரொம்ப காலத்துக்கு முன்னாடி, வெளிநாட்டுல."

"அப்டியா." படத்தை நன்றாகப் பார்த்தார். "இன்னா கத எழுதினாங்க?"

"தெரியலீங்க" என்றேன்.

அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்டலத்தில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பேருந்து நகர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு பெண்களின் முகங்களைத் தேடி எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறேன். தாளின் கனம், மையின் கருமை, தகட்டின் தேய்மானம் எல்லாம் சொல்வேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.